அன்னையார் பெயரில் ஒரு புட்டி

கப்பற் பிரயாணத்தைக் குறித்து நம்மவர் எழுதிய கட்டுரைகள் பலவற்றைப் படித்திருக்கிறோம். கடலின் நீலமும், கதிரவன் மறையும் காட்சியும், விருந்துக் கூடத்தின் விளக்கொளியும் அவற்றில் வேண்டுமளவு உண்டு. நாம் எழுதப் புகுவது அவற்றைப் பற்றியன்று. ஒரு புட்டியைப் பற்றி. அற்ப விஷயமென்று அன்பர்கள் ஒதுக்காதிருப்பாராக. அப்புட்டி நம் குடும்பத்தின் மானத்தை ஒரு நாழிகை நேரம் அந்நியர் மேசைமீது நிறுத்தி வைத்தது.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். நம் தந்தையார் பால்மரம் வெட்டியவர். சம்சு என்னும் மலிவுச் சாராயம் அவரை நமது பன்னிரண்டாம் வயதிற் கொண்டுபோயிற்று. அதன்பின் அன்னையார் நம்மை லயத்தில் வைத்திருக்கத் துணியாமல் பட்டணத்தில் மாமன் வீட்டிற்கு அனுப்பினார். மாமன் தம் செலவில் ஆங்கிலவழிக் கல்விச்சாலை ஒன்றிற் சேர்த்தார். ஆகவே நாம் கற்ற ஆங்கிலம் சம்சுக்கு அஞ்சி ஓடியதனால் வந்த ஆங்கிலமாகும். இதனை அன்பர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

தோட்டத்தில் யாருக்கு ஆங்கிலத்தில் காகிதம் வந்தாலும் அது நம் மேசைக்கு வந்து சேரும். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் தமக்கையாரும் அத்தானும் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலொன்றில் நான்கு இரவுப் பிரயாணத்திற்குச் சீட்டு வாங்கினர். அவ்விருவரும், நாமும், நம் மனைவியும், அன்னையாரும் ஆக ஐவர். அன்னையாருக்குக் கப்பலில் ஆசை வந்த காரணம் வேறு. அவருடைய தந்தையார் நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை தமிழரைச் சுமந்தது. மேற்றளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த தந்தை பினாங்கை எப்படிக் கண்டிருப்பார் என்பதைக் கடலிலிருந்தே தாமும் ஒருமுறை பார்க்கவேண்டுமென்பது அன்னையாரின் விருப்பம். நம் கப்பல் பினாங்கில் ஒருநாள் தங்குமென்று கேட்டே அவர் இசைந்தார்.

சீட்டுடன் நிபந்தனைகள் வந்தன. வழக்கப்படி அவற்றை நம்மிடம் அனுப்பிய அத்தான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மச்சான், நம்ம சரக்கை நாமே கொண்டு போகலாமா?”

படித்துப் பார்த்தோம். உல்லாசக் கப்பல்களின் சட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறினும் பெரும்பாலும் ஒரே போக்குடையது. பியரும் வன்மையான சாராய வகைகளும் பொதுவாக அனுமதியில்லை. திராட்சை மது மட்டும், உரிய வயது நிரம்பிய ஒருவருக்கு 750 மில்லிலிட்டர்ப் புட்டி ஒன்று என்று பல கம்பெனிகள் விடுகின்றன. அதையும் ஏறும் நாளிலேயே கைப்பையிற் கொண்டுவரல் வேண்டும். முத்திரை உடைபட்டிருத்தல் கூடாது. அறையில் அருந்தாமல் உணவுக் கூடத்திற்கு எடுத்துச் சென்றால், புட்டியைத் திறந்து தருவதற்கென்று ஒரு கட்டணம் வாங்குவோரும் உளர். இடைத் துறைமுகங்களில் வாங்கிய புட்டிகளைக் கப்பற்காரர் பெற்று வைத்துக்கொண்டு பிரயாண முடிவிலேயே திருப்பிக் கொடுப்பர்.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று பாதுகாப்பு, மதுச்சாலைப் பணியாள் ஊற்றிக் கொடுத்தால் அளவு தெரியும், அறைக்குள் குடித்தவன் அளவை யாரும் அறியார், அவன் கம்பியைத் தாண்டிக் கடலில் விழுந்தால் பொறுப்புக் கப்பலுடையது. மற்றொன்று வருமானம். சீட்டின் விலையைக் குறைத்துக் காட்டிக் கப்பலுக்குள் நடக்கும் விற்பனையால் இலாபம் காண்பது இத்தொழிலின் முறை; அவ்விற்பனையில் மது பெரும் பங்கு வகிப்பது. நாளொன்றுக்கு இவ்வளவென்று முன்பணம் கட்டினால் வேண்டுமளவு குடிக்கலாம் என்னும் ஏற்பாடும் உண்டு. அதை ஒருவர் வாங்கினால் அதே அறையிலுள்ள வயது வந்தோர் அனைவரும் வாங்கவேண்டுமென்று சில கம்பெனிகள் விதித்திருக்கின்றன.

உலக வரலாற்றில் இதற்கொரு வேடிக்கையான முன்கதை உண்டு. அமெரிக்க நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடந்தது. அக்காலத்தில் நியூயார்க் துறையிலிருந்து எவ்வூருக்கும் செல்லாத கப்பல்கள் புறப்பட்டன. கரையின் அதிகார எல்லை தாண்டியதும் மதுச்சாலை திறக்கும். குடித்துக் களித்துவிட்டுத் திரும்புவர். அன்று கரை விலக்கியதைக் கப்பல் கொடுத்தது. இன்று கரையில் எளிதாகக் கிடைப்பதைக் கொண்டுவராதே என்று கப்பல் விலக்குகிறது. விலக்கு என்னும் சொல் ஒன்றே; அன்று அதன் பின்னே ஒரு கொள்கை நின்றது, இன்று பெரும்பாலும் ஒரு கல்லாப்பெட்டி நிற்கிறது.

நமக்கும் இது தெரியாத கதையன்று. தோட்டத்துக் கள்ளுக்கடை சர்க்கார் அனுமதியுடன் நடந்தது. திருட்டுச் சாராயம் காய்ச்சியவனோ விலங்கிடப்பட்டான். குடிப்பது குற்றமன்று, குறித்த கடைக்கு வெளியே குடிப்பதே குற்றமென்பது அன்றைய நீதி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வுடன் கள்ளுக்கடைகளை மூடுவதையும் கோரிக்கையாக வைத்தனர். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து அடியும் சிறையும் ஏற்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் ஒரு புட்டியைக் கப்பலேற்றும் வழியை ஆங்கிலத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

நிற்க. நமது ஆராய்ச்சியின் முடிவு இது: ஐவருக்கு ஐந்து புட்டி. “அம்மா குடிப்பதில்லையே?” என்றார் தமக்கையார். “குடிக்கிறாரா இல்லையா என்று நிபந்தனை கேட்கவில்லை, வயதுதான் கேட்கிறது” என்று நாம் விடையிறுத்தோம். அவ்விடையின் சாமர்த்தியத்தை அத்தான் மெச்சினார். நமக்கும் உள்ளூரப் பெருமையாக இருந்தது. அன்னையாரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டுமென்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிங்கப்பூர்ச் சுங்கக் கணக்கையும் நாமே போட்டோம். மலேசியாவிலிருந்து வருவோர்க்கு அங்கே மதுவுக்கு வரிவிலக்கு இல்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சாராயமுள்ள 750 மில்லி புட்டியில் சுத்த சாராயம் 0.09 லிட்டர். லிட்டருக்கு 88 சிங்கப்பூர் வெள்ளி வீதம் புட்டிக்கு 7 வெள்ளி 92 காசு. ஐந்துக்கு 39 வெள்ளி 60 காசு. அதன்மேல் 100-க்கு 9 வீதம் சரக்கு சேவை வரி. கணக்கைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினோம். நேர்மையாகச் செய்கிறோம் என்னும் திருப்தி நமக்கு இருந்தது.

அன்றிரவு பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னோம். சில மேல்நாட்டார், வாய் கொப்பளிக்கும் மருந்துப் புட்டியைக் காலி செய்து, நிறமற்ற வோட்காவை ஊற்றி, இரண்டு துளி சமையற் சாயம் கலந்து கப்பலேற்றுவர் என்று எங்கோ ஆங்கிலத்திற் படித்ததை வேடிக்கையாக எடுத்துரைத்தோம். எல்லோரும் சிரித்தனர். அத்தான் சற்றுக் குறைவாகச் சிரித்தார்.

பிரயாண நாட்காலையில் குளியலறை மேடையில் ஒரு பெரிய பச்சைப் புட்டியைக் கண்டோம். மூடியின் வளையம் உடைந்திருந்தது. முகர்ந்து பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அறிந்தவராவோம். அறியாதவராக இருக்கவே விரும்பினோம். சுங்கச் சாவடியில் ஐந்து புட்டிகளை அறிவித்து வரி கட்டினோம். வேறு ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு இல்லையென்று சொன்னதும் நம் வாயே.

மரினா பே துறைமுகக் கட்டடத்தில் சாமான்கள் ஊடுகதிர்க் கருவியினுள் ஒவ்வொன்றாகச் சென்றன. ஒரு பை மட்டும் தனியே தள்ளப்பட்டது. துணிப்பை, அன்னையாருடையது. அதனுள் இரண்டு சேலைகள், தைலம், மாத்திரைகள், பினாங்கை நோக்கி ஏற்றுவதற்கென்று அவர் வைத்திருந்த சூடக்கட்டி (கப்பலில் நெருப்பு ஆகாதென்று நாம் சொல்லியும் கேட்கவில்லை), அவற்றினடியில் அந்தப் பச்சைப் புட்டி. கிழவியின் பையை யார் சோதிக்கப்போகிறார்கள் என்பது அத்தானின் கணக்கு.

காவற்பணிப் பெண் மூடியைத் திருகி முகர்ந்தார். முகத்தில் கோபமில்லை, நாள்தோறும் பார்ப்பதுபோலும். “இது யாருடையது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்னையார் நம்மைப் பார்த்தார். நாம் மொழிபெயர்க்கவேண்டும். பதினைந்து ஆண்டுகளாகப் பிறர் காகிதங்களைத் தடையின்றி மொழிபெயர்த்த நமக்கு அந்த இரண்டு சொற்களுக்குத் தமிழ் கிடைக்கவில்லை. அத்தான் தரையைப் பார்த்தார். வரிசையில் நின்றோர் எங்களைப் பார்த்தனர்.

அன்னையாருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. திறந்த புட்டியிலிருந்து வந்த வாடையே போதும். அதனோடு இருபதாண்டு குடும்பம் நடத்தியவர் அவர். தம் மார்பின்மேல் கையை வைத்து, “மை” என்றார். அவர் அறிந்த சில ஆங்கிலச் சொற்களுள் அது ஒன்று.

புட்டி பறிமுதலாயிற்று. பதிவேட்டிற் கையொப்பமிடச் சொன்னார்கள். முதியோர் வகுப்பிற் கற்ற எழுத்தால், ஒவ்வொன்றாகக் கூட்டித் தம் பெயரைத் தமிழில் எழுதினார். செக்ரோலில் நாள்தோறும் கையொப்பங்களைச் சரிபார்ப்பது நம் பிழைப்பு. இவ்வளவு பொய்யான கையொப்பத்தையும் இவ்வளவு உண்மையான கையையும் ஒரே தாளில் நாம் கண்டதில்லை.

கப்பல் புறப்பட்ட பின் அறையில் அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். நம்மைப் பேசவிடாமல் அவரே சொன்னார்: “உன் அப்பா எழுந்திருக்க முடியாத நாளில் பிரட்டுக்குப் போய்ப் பெரிய கிராணியார் முன்னால் நின்று, காய்ச்சல் என்று சொல்வேன். அவர் நம்பமாட்டார், ஆனால் எழுதிக்கொள்வார். இன்றைக்கு நீயே கிராணி. அவ்வளவுதான் வித்தியாசம்.”

அன்பர்களே, வசையாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். அவர் ஒரு கணக்கைச் சொல்வதுபோற் சொன்னார்.

மூன்றாம் நாள் அதிகாலையில் பினாங்கு தெரிந்தது. அன்னையார் கம்பியைப் பிடித்து நெடுநேரம் நின்றார். கடலோர மாளிகைகளை விடுத்து, முன்னாளில் கப்பற் கூலிகளை நோய்க்காவலில் வைத்த ஜெரெஜா தீவு எங்கேயென்று கேட்டார். தெற்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே என்று கைகாட்டினோம். சூடம் ஏற்றவில்லை, கைகுவித்தார்.

கடைசி இரவு அத்தானும் நாமும் எஞ்சியிருந்த ஒரு புட்டியைத் திறக்க எண்ணி எடுத்தோம். நான்கு காலியாகிவிட்டன. அன்னையார் கேட்டார்: “இது யார் பெயரில் வந்தது?” உண்மையைச் சொன்னோம்: “உங்கள் பெயரில்.” “வரி கட்டியதா?” “கட்டியது.” “அப்படியானால் இது என்னுடையதுதானே? அன்றைக்கு என்னுடையதல்லாததை என்னுடையது என்றேன். இதையாவது உண்மையாகச் சொல்லிக்கொள்கிறேன்.”

புட்டியை வாங்கிக் குளியலறைக்குச் சென்று, முகம் கழுவும் தொட்டியில் நிதானமாக ஊற்றினார். கடைசித் துளி வரை ஊற்றி, நீர் திறந்து தொட்டியைக் கழுவித் துணியால் துடைத்தார். அத்தான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் மெதுவாக, “அத்தை, அந்தப் புட்டி நான் வைத்தது” என்றார். “தெரியும், மாப்பிள்ளை” என்றார் அன்னையார். “வழி சொன்னது நான்” என்றோம் நாம். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மை அவர் ஆங்கிலம் படிக்க அனுப்பியது எதிலிருந்து தப்புவதற்கென்பதை அந்த அறையில் எல்லோரும் அறிந்திருந்தோம்.

குடியை விட்டொழித்துவிட்டோம் என்று இங்கே முழங்கினால் அது இன்னொரு பொய்யாகும். அத்தான் விட்டுவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. வீட்டுப் பெண்கள் முன்னிலையில் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார். நாம் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறோம்: நிபந்தனை கேட்காததைத் தாமும் கேட்கவேண்டுவதில்லை என்னும் படித்தவன் வழக்கத்தை. மது வேண்டுவோர் அதற்குரிய விலையைக் கொடுத்து, தம் பெயரில், தம் பையில், தம் கையாற் சுமந்து செல்வாராக. சட்டம் ஒவ்வொருவருக்கும் ஒரு புட்டி கொடுக்கலாம். ஆனால் வாழ்நாளெல்லாம் புட்டியோடு போராடிய ஒருத்தியின் பங்கைத் தம் பங்கோடு கூட்டிக்கொள்ள எந்தக் கணக்கும் இடந்தராது. கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதனை மிகத் தாமதமாகவே கற்றோம்.