மேட்டுச் சாலை

தலைமையாசிரியர் ஒருவர் மிதிவண்டியில் பள்ளிக்கு வருவதென்றால் இந்நாளில் அது பலருக்கு வேடிக்கையாகவே தோன்றும். "கார் பழுதா, ஐயா?" என்று பள்ளிக் காவலர் முதல் நாள் பரிவோடு வினவினார். கார் பழுதாகவில்லை, பழுதானது என் உடம்புதான். ஐம்பத்து நான்கு வயதில் இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது. உடம்பை அசைத்தாலன்றி மருந்து மட்டும் பயன் தராது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் குடியிருப்பது புத்ராஜெயாவில். பள்ளியோ நகர எல்லைக்கு வெளியே, ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காரில் சென்ற காலத்தில் இந்நகரம் சமதரை என்றே எண்ணியிருந்தேன். அகன்ற சாலைகள், வரிசையாய் மரங்கள், ஏரியின்மேல் எழிலான பாலங்கள். இவற்றினிடையே மேடேது, பள்ளமேது? மிதிவண்டியில் ஏறிய முதல் நாளே முழங்கால்கள் உண்மையை உரைத்தன. இது குன்றுகளின்மேல் எழுந்த நகரம். ஏரியும் இயற்கையாய் அமைந்ததன்று. சுவாவ், பீசா ஆறுகளை மறித்து உண்டாக்கியது. பள்ளங்கள் நீருள் மறைந்தன. மேடுகள் இன்றும் மேடுகளாகவே நிற்கின்றன.

காலை ஆறு மணிக்குப் புறப்படுவேன். அப்போது நம் நாட்டில் இன்னும் விடிந்திராது. முன்விளக்கின் சிறு வெளிச்சத்தில், மாற்றுச் சட்டையை முதுகுப் பையில் சுமந்து செல்வேன். ஏற்றத்தின் நடுவில் கியரை மாற்றிச் சங்கிலி கழன்று, இருளில் தடுமாறிய நாளும் உண்டு. மேடு தொடங்குமுன்னரே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அன்று கற்றேன். எளியதிலிருந்து கடினத்திற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் படித்த விதியை முப்பது ஆண்டுகளுக்குப் பின் கால்கள் மறுபடியும் எனக்குப் பாடம் நடத்தின.

ஆனால் இம்மேடுகள் எனக்குப் புதியவை அல்ல. 1995இல் கட்டுமானம் தொடங்கும் முன் இங்கே இருந்தவை தோட்டங்களே. அவற்றுள் ஒன்றான பிராங் பெசார், முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டம். அந்த மலாய்ப் பெயருக்குப் பெரும்போர் என்பது பொருள். அத்தோட்டத்து லயத்தில்தான் நான் பிறந்தேன். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி.

1984ஆம் ஆண்டு காஜாங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு நண்பகலுக்குப் பின்தான் தொடங்கும். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, உடை மாற்றவும் நேரமின்றி, அப்பா தம் மிதிவண்டியில் என்னைப் பேருந்துச் சந்திவரை அழைத்துச் செல்வார். கியர் இல்லாத பழைய வண்டி அது. செம்மண் சாலையின் ஏற்றத்தில் அவர் இறங்கித் தள்ளுவார். நானும் இறங்க முற்பட்டால், "இறங்காதய்யா, சட்டை வேர்த்துடும்" என்பார்.

வேர்க்காத அந்த வெள்ளைச் சட்டையோடு நான் செய்த காரியம் என்ன? அவர் உடையில் வீசிய கித்தாப் பால் வாடை சந்தியில் நிற்கும் மாணவர்களுக்கு எட்டிவிடுமே என்று நாணினேன். "மேட்டு முனையிலேயே விட்டுடுங்கப்பா, நான் நடந்து போயிடுறேன்" என்றேன். "சரிய்யா" என்றார். காரணம் கேட்கவில்லை. மறுநாள் முதல் அங்கேயே நின்றுவிட்டார்.

இன்று அந்தச் சந்தி இருந்த இடத்தை என்னால் சுட்டிக்காட்ட இயலாது. தோட்டத்து மக்கள் டிங்கில் பக்கம் குடிபெயர்ந்தனர்; லயங்களும் மறைந்தன. அப்பாவும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒரு மேட்டில் மூச்சு முட்டி, இறங்கி வண்டியைத் தள்ளும்போது அவர் நினைவு வருகிறது. இருபத்தோரு கியர் உள்ள வண்டி, பின்னால் பாரமும் இல்லை, எனக்கே இப்பாடு. விடியற்காலையிலிருந்து மரம் வெட்டிய களைப்போடு, என்னையும் உட்காரவைத்துத் தள்ளியவருக்கு எப்படி இருந்திருக்கும்? உட்கார்ந்திருப்பவனுக்கு ஏற்றத்தின் பாரம் தெரிவதில்லை.

என் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், தந்தையின் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து வாயிலுக்கு முன்னுள்ள வளைவிலேயே இறங்கிக்கொள்வான். தந்தையின் சட்டையில் கிரீஸ் கறை. காரில் வந்த நாளில் இவர்களைக் கடந்தே போயிருப்பேன், கண்ணில் பட்டதில்லை. சென்ற வாரம் மிதிவண்டியை அவர்கள் அருகே நிறுத்தினேன்.

மாணவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வயதில் எனக்கும் தெரியவில்லை. தந்தைக்குத்தான் வணக்கம் சொன்னேன். "நாளையிலிருந்து வாயில்வரை வாருங்கள், ஐயா. நான் அங்கேதான் நிற்பேன்" என்றேன்.

மறுநாள் அவர் வந்தார். வியர்வையில் நனைந்த சட்டையோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.