வட்டவடையில் ஐந்து நாட்கள்

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு போய் வந்த மலையூரைப் பற்றி எழுதுமாறு நம் மாத இதழின் ஆசிரியர் பணித்தார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எங்களுக்குக் கட்டுரை வராது. ஆயினும் ஊர் நல்ல ஊர். அங்கே நேர்ந்த ஒரு சங்கடமும், ஊரில் ஒரு துண்டு நிலத்தை விட்டுவிட்டு மும்பையில் காலந்தள்ளும் நம்மில் பலருக்கு நேரக்கூடியதே. ஆதலால் எழுதத் துணிந்தோம்.

வட்டவடை என்பது இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைக்குழிவில் இருக்கிறது. மாநிலம் கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். பல தலைமுறைகளுக்கு முன் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கின்றனர். எங்கள் இல்லத்தரசியின் தாய்மாமன் அங்கே பூண்டும் காரட்டும் பயிரிட்டு வாழ்கிறார். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாக "வருகிறோம், வருகிறோம்" என்று சொல்லி ஏமாற்றி வந்தோம். இம்முறை போயே தீர்வது என்று கிளம்பினோம்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயிலிலேயே சென்றோம். சுமார் 90 கிலோமீட்டர் கொண்ட இப்பாதை 1928-இல் திறக்கப்பட்டது. அகலப்பாதை வேலைக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடினார்கள். மீண்டும் போடிவரை வண்டி ஓடத் தொடங்கியது 2023 ஜூனில்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவ்வூர்க் குழந்தைகள் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்திருக்கிறார்கள்! ரயில்வேயில் சோறு உண்பவர்களாகையால் இதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

போடியிலிருந்து வாடகைக் காரில் மலையேறினோம். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சாலையை இப்போது அகலமாக்கியிருக்கிறார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கள் மகள் மட்டும் வளைவுகளில் தலைசுற்றிப் படுத்துவிட்டாள். அகலமான சாலையால் வந்த வினை யாது என்பது மூணாற்றை நெருங்கிய பிறகே புரிந்தது. சாலை அகன்றது, ஊர் அகலவில்லை. ஊருக்குள் நுழைவதற்கு முன்பே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்தச் சிறு தூரத்தைக் கடக்க எங்களுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. காப்பி குடிக்க ஒரு நிமிடம் நிறுத்தலாமென்றால் நிறுத்த ஓரடி இடமில்லை. ஓட்டுநர் தம்பி எங்களை இறக்கிவிட்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் காப்பி குடித்து முடிக்கும்போது மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தார்.

மூணாறு ஏன் இப்படி ஆயிற்று? முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் குறுகிய பள்ளத்தில் இருப்பது அவ்வூர். 1877-இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். நாளடைவில் ஊரைச் சுற்றியுள்ள நிலம் தேயிலைக்கென்று ஆகிவிட்டது. 1971-இல் கேரள அரசு சட்டமியற்றி நிலத்தை மீட்டது. தோட்டங்களுக்குரிய பரப்பு தோட்டத்தாரிடமே இருந்தது. ஆகவே ஊர் பக்கவாட்டில் வளர வழியில்லை. விடுதி கட்ட வந்தவர்கள் ஆற்றங்கரையில் கட்டினார்கள். அது தீர்ந்ததும் மலைச்சரிவை வெட்டிக் கட்டினார்கள். 2007-இல் அச்சுதானந்தன் முதலமைச்சராயிருந்தபோது சட்டத்துக்குப் புறம்பான கட்டடங்களை இடிக்கத் தனிப்படையே வந்தது. சில மாதங்களில் அந்த வேகம் அடங்கிற்று. பிறகு உயர் நீதிமன்றம் தலையிட்டு, வருவாய்த் துறையின் சம்மதமின்றி இவ்வட்டாரத்தில் கட்டடம் எழுப்பக் கூடாது என்றது; 2023-இல் கட்டடங்களின் உயரத்துக்கும் இடைக்கால வரம்பு விதித்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது மண் சரிந்து அரசுக் கல்லூரியின் கட்டடமே சேதமுற்றது. தேவிகுளத்தை அடுத்த சாலையில், அகலப்படுத்தும் வேலை நடக்கையிலேயே மலை பலமுறை சரிந்து வழியை மூடியது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வேடிக்கை. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020 நவம்பரில், ஓடி ஓய்ந்த பஸ்களை மூணாற்றுப் பணிமனையில் நிறுத்தி, உள்ளே படுக்கை அமைத்து, இரவுக்கு 100 ரூபாய் என்று பயணிகளுக்கு வாடகைக்கு விட்டது. வண்டி நிறுத்த இடமில்லாத ஊரில், நிறுத்திய வண்டியே விடுதியாயிற்று! எங்கள் மகன் அதில்தான் தங்க வேண்டும் என்று அடம் பிடித்தான். மாமா காத்திருப்பார் என்று சொல்லி இழுத்துச் சென்றோம்.

நிற்க. மூணாற்றில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்பதை நம் அன்பர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். பெட்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருளும். பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருண்டு சாயாமல் தாங்கும். இழுத்தவை காளைகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலமுள்ள குறும்பாதை அமைத்து எஞ்சின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே கோட்டகுடிக்கு இறக்கி, அங்கிருந்து வண்டியில் போடிக்குக் கொண்டுபோவார்கள். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. பழைய நிலையம் இருந்த கட்டடம் தேயிலைக் குழுமத்தின் அலுவலகமாக மாறியது. அதன் எதிரே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தோம். எங்களுக்கு அது கோயிலுக்குச் சமானம்.

மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளைக் கடந்து, எல்லப்பட்டி வழியே டாப் ஸ்டேஷன் அடைந்தோம். அதற்கப்பால் பாம்பாடும் சோலை. கேரளத்தின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது இதுவே; பரப்பு 1.32 சதுர கிலோமீட்டர். சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக்கொண்டு, "காட்டுக்குள் எங்கும் வண்டியை நிறுத்தாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். மரங்கள் இருபுறமும் கூடி நிற்க, பட்டப்பகலில் விளக்குப் போட்டுச் சென்றோம். எங்கும் நிற்காமல் போவது எவ்வளவு இன்பம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

காடு முடிந்ததும் கண்முன் விரிந்த காட்சியை எழுத எங்களிடம் சொல் இல்லை. மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய நிலம். ஒரு தட்டில் பூண்டு, அடுத்ததில் உருளைக்கிழங்கு, அதற்கும் கீழே பீன்ஸ், காரட். நடுவே ஓட்டு வீடுகள். இவ்வூர்ப் பூண்டுக்குக் காந்தளூர்–வட்டவடைப் பூண்டு என்ற பெயரில் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பல் சிறியது, காரமும் மணமும் மிகுந்தது. அத்தை வைத்த பூண்டுக் குழம்பை நான்கு நாள் உண்டோம். ஐந்தாம் நாளும் கேட்டிருப்போம். மரியாதை கருதி வாய் திறக்கவில்லை.

கோவிலூர் இவ்வூரின் கடைவீதி. இருபது ஆண்டுகளுக்கு முன் நாலைந்து ஜீப்புகளும் ஒரு பஸ்சும் நிற்கும் என்றார் மாமா. நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை அவ்வீதியில் காய்கறி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, இருபுறமும் நின்ற சுற்றுலாக் கார்களுக்கு நடுவே அசைய முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றது. காரட் வாடிக்கொண்டிருந்தது. மூட்டைக்காரர் கத்தினார், கார்க்காரர்களோ புகைப்படம் எடுக்கப் போயிருந்தனர். எங்கள் கார் எங்கே நின்றது என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இடம் கிடைக்காமல், யாருடையதோ ஒரு பீன்ஸ் பாத்தியின் ஓரத்தில் ஏற்றி நிறுத்தியிருந்தோம். நாலைந்து கொடிகள் நசுங்கின. மாமாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை தம் வீட்டுக் கம்புகளை எடுத்துப்போய் அந்தப் பாத்தியில் தாமே ஊன்றிக் கொடுத்து வந்தார்.

இனி, முன்பு சொன்ன சங்கடத்துக்கு வருகிறோம். மாமாவின் நிலம் ஏழு தட்டுகள். அடித்தட்டு சாலையை ஒட்டியது, அதில் ஒரு பங்கு எங்கள் மாமியாருக்கு உரியது, இன்னும் பிரிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அந்த அடித்தட்டை நல்ல விலைக்குக் கேட்கிறார். மேலே விடுதி கட்டப் போகிறாராம். அடித்தட்டைச் சமமாக்கிக் கார் நிறுத்துமிடம் செய்யப் போகிறாராம். மாமாவின் மகன் ஜீப் ஓட்டுகிறான். கடன் இருக்கிறது. விற்றுவிடலாம் என்பது அவன் கட்சி. விற்பதென்றால் எங்கள் பக்கத்துக் கையெழுத்தும் வேண்டும். எங்களை ஊருக்கு அழைத்ததில் அதுவும் ஒரு காரணம் என்பது மூன்றாம் நாள் இரவுதான் தெரிந்தது.

எங்கள் மனமும் ஆடிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ரயில்வே குடியிருப்பு என்பது பணி ஓய்வு பெறும் நாள்வரை மட்டுமே நம்முடையது. அதன் பிறகு மும்பையில் ஓரறை வீட்டுக்கு முன்பணம் கட்ட அந்தப் பங்குத் தொகை உதவும். அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்காமல் விரலில் கணக்குப் போட்டோம்.

விடியற்காலையில் மாமா எங்களை அடித்தட்டுக்கு அழைத்துச் சென்றார். அதன் கல்வரப்பைக் காட்டி, "இதைப் பாருங்க மாப்பிள்ளை. மேலே இருக்கிற ஆறு தட்டும் இது மேலதான் உட்கார்ந்திருக்கு. இதை வெட்டிச் சமமாக்கினா மேலத்தட்டுத் தண்ணி எங்கே போகும்?" என்றார். மழைநீர் ஒவ்வொரு தட்டிலும் ஊறி, மெல்லக் கசிந்து, அடியிலுள்ள ஓடையில் இறங்குகிறது. அடிவரப்பை எடுத்துவிட்டு மேலே கான்கிரீட் பூசினால், ஊற இடமில்லாத நீர் மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரேயடியாக வரும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மேல் மலை சரிந்து எழுபது உயிர்கள் போயின. அங்கே கார் நிறுத்துமிடம் ஏதும் இல்லை, மழைதான் காரணம். ஆனால் இந்த மலைகளின் மண் எவ்வளவு இளகியது என்பதை அதன்பின் இங்கே ஒருவரும் மறக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினரே. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்தக் கூரை இல்லாமல் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு 2021-இல் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

"உங்க ரயில்ல இத்தனை வண்டி ஓடுதே, நிறுத்த இடத்துக்கு என்ன செய்யிறீங்க?" என்று கேட்டார் மாமா. விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, எங்களுக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது. முன்னாளில் ஒற்றைப் பாதையில், அடுத்த நிலையம் "லைன் கிளியர்" கொடுத்த பிறகே இரும்புக் குண்டு போன்ற ஓர் அடையாளத்தை ஓட்டுநர் கையில் தருவார்கள். அது கையில் இல்லாமல் வண்டி நகராது. கருவிகள் மாறினாலும் முறை அதுவே. அங்கே இடம் காலியானாலன்றி இங்கிருந்து வண்டி புறப்படாது. ரயிலுக்கு உள்ள இந்த ஒழுங்கு காருக்கு ஏன் இல்லை?

இல்லாமலும் இல்லை. நம் மும்பைக்கருகே மாதேரானில் மோட்டார் வண்டிகளைத் தஸ்தூரி முனையிலேயே நிறுத்திவிட வேண்டும். அப்பால் நடை, குதிரை, 1907-இல் போட்ட சிறு ரயில் போன்றவைதான். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரிலும் அப்படியே. கார்களைக் கீழூரில் விட்டுவிட்டு ரயிலில் ஏறுகிறார்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு கட்டினார்கள். இத்தனையையும் சொன்னதும் மாமா சிரித்து, "அப்ப நம்ம தட்டுக்கு எத்தனை வண்டி?" என்றார்.

அடித்தட்டின் சாலையோரத்தில், வரப்பைத் தொடாமல், கயிறு பிடித்து அளந்தோம். ஆறு கார் நிற்கும். ஆறு தகரத் துண்டுகளை வெட்டி எண் எழுதி, எங்கள் மகன் கையால் துளையிட்டு ஆணியில் மாட்டினோம். துண்டு உள்ளவரை காருக்கு இடம். வாடகை ஐம்பது ரூபாய். ஏழாவது கார் வந்தால் மாமாவின் சிவப்புத் துண்டே சிக்னல். மீதி நிலத்தில் பூண்டு அப்படியே நிற்கும். விற்பனைப் பேச்சை அடுத்த ஆண்டு வரை தள்ளிவைக்க மாமாவின் மகன் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டான். அவன் கடன் ஐம்பது ஐம்பதாகத் தீரக்கூடியதன்று என்பது எங்களுக்கும் தெரியும்.

சென்ற வாரம் மாமாவிடமிருந்து தொலைபேசி வந்தது. ஞாயிறன்று பதினோரு கார்களைத் திருப்பி அனுப்பினாராம். ஒருவர் இரட்டிப்பு வாடகை தருவதாகச் சொல்லிச் சண்டையே போட்டாராம். "துண்டு இல்லேன்னா இடம் இல்லேன்னுட்டேன், மாப்பிள்ளை" என்றார். பின்னால் அவர் மகனின் குரல் கேட்டது. என்ன சொன்னான் என்பது விளங்கவில்லை. பார்சலில் ஐந்து கிலோ பூண்டு வந்து சேர்ந்திருக்கிறது. கையெழுத்திடாத பத்திரம் எங்கள் தகரப் பெட்டியில், குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணைக்கு அடியில் இருக்கிறது.