ஹையா, லோவா?

வானூர் வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டப் பழகும் இளைஞருக்கு மூத்தவர்கள் முதலில் காட்டித் தருவது ஸ்டியரிங்கை அன்று. இருக்கையருகே இருக்கும் இரண்டாவது கம்பியை. முதற்கம்பி நான்கு கியர்களை மாற்றுவது. இரண்டாவதற்கு ஹை, லோ என்று இரண்டே நிலைகள். நான்கை இரண்டால் பெருக்க எட்டு. நம் நாட்டு டிராக்டர்கள் பலவற்றுக்கும் ‘முன்னுக்கு 8, பின்னுக்கு 2’ என்று சொல்லப்படும் கணக்கு இதிலிருந்து வருவதே. லோவில் முதல் கியர் போட்டால் வண்டி மணிக்கு 2, 3 கிலோமீட்டர் நகரும். ஹையில் நான்காவதற்குச் சென்றால் 30 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். எஞ்சின் ஒன்றுதான், அதன் ஆற்றலும் ஒன்றுதான். லோவில் வேகத்தைக் கொடுத்து இழுவிசையை வாங்குகிறோம். ஹையில் இழுவிசையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம்.

தமிழ் பயின்றவர் ‘உயர்நிலை, தாழ்நிலை’ என்று எழுதலாகாதா என நண்பர்கள் வினவக்கூடும். எழுதலாம். ஆயின் வயலில் நின்று ‘தாழ்நிலைக்கு மாற்றுங்கள்’ என்று நாம் சொன்னால் ஓட்டுநர் இருக்கையைத் தாழ்த்தச் சொல்கிறோம் என்றே கொள்வார்.

இதில் நாம் வியப்பது ஒன்றுண்டு. லோ முதல் கியரின் வேகமும் ஏர் பூட்டிய மாடுகளின் நடையும் ஏறத்தாழ ஒன்றே. ஆழ உழுவதா அகல உழுவதா என்ற கேள்வி நம் முன்னோர்க்கு இருந்தது; பழமொழியும் அதைப் பற்றியே பேசுகிறது. எவ்வளவு வேகமாக உழுவது என்ற கேள்வி அவர்களுக்கு எழவே இல்லை. மாட்டின் கால் அதை முன்னரே முடிவு செய்திருந்தது. டிராக்டர் வந்த பின்னரே வேகம் மனிதன் தேர்ந்தெடுக்கும் பொருளாயிற்று. எனவே அது பேரம் பேசும் பொருளும் ஆயிற்று.

தந்தையார் விட்டுச்சென்ற இரண்டு காணி நிலம் நமக்கு வானூர்ப் பக்கம் உண்டு. (காணி என்பது ஏறத்தாழ 1.32 ஏக்கர், அலுவலகத்தில் ஏக்கர், ஹெக்டேர் என எழுதினாலும் வரப்பில் இன்றும் காணிதான்.) சொந்த டிராக்டர் இல்லை. வாடகைக்கு வரும் ஓட்டுநர் நம்மினும் பத்தாண்டு மூத்தவர். அவரை நாம் அண்ணன் என்று அழைப்பதே வழக்கம். முதல் ஆண்டு கூலி பேசும்போது அவர் நகைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, மணிக்கணக்குன்னா வண்டி லோவுல போவும். காணிக்கணக்குன்னா ஹையில போவும். உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க.”

நகைச்சுவைதான், ஆயினும் வாடகை உழவின் பொருளியல் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. மணிக்குக் கூலி தரும் நிலத்துக்காரர் வண்டி விரைந்தோட வேண்டும் என்று வரப்பில் நின்று துடிப்பார். காணிக்குக் கூலி பேசியவர் மெல்ல ஓட்டச் சொல்லிக் கெஞ்சுவார். இருவருக்கும் நடுவில் மண் இருக்கிறது. அதனிடம் எவரும் கேட்பதில்லை.

மண் எதை விரும்பும் என்பதும் ஒரே சொல்லில் விடை கூறத்தக்கதன்று. நம்மூரில் மல்லாட்டை என வழங்கும் மணிலாவுக்கு மண் பொலபொலவென்று இருக்கவேண்டும். பூ உதிர்ந்தபின் இறங்கும் விழுது மண்ணைத் துளைத்து உட்சென்றால்தான் காய் பிடிக்கும். ரோட்டவேட்டரின் கத்திகள் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, வண்டி மெல்ல நகர்ந்தால் ஒவ்வொரு வெட்டும் மெல்லியதாக விழுந்து கட்டிகள் உடைகின்றன. விரைந்து நகர்ந்தால் வெட்டுகள் அகன்று கட்டிகள் தங்கிவிடுகின்றன. ஆகவே ரோட்டவேட்டருக்கு லோ. அப்படியானால் லோவில் இரண்டு முறை ஓட்டினால் இன்னும் நன்றன்றோ எனத் தோன்றும். அங்குதான் நம் செம்மண்ணின் குணம் குறுக்கிடுகிறது. மாவாக அரைத்த செம்மண் முதல் மழையில் மேலே ஏடாக இறுகி முளையைத் தடுக்கும். சரிவான நிலமானால் நீரோடு போய்விடும். மண் போவதென்றால் என்னவென்று அறிய விரும்புவோர் ஆரோவில்லை ஒட்டிய செம்மண் ஓடைகளைச் சென்று காணலாம். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அங்கு வந்தவர்கள் வீடு கட்டுவதோடு வரப்பு போடவும் மரம் நடவும் வேண்டியிருந்தது அதனால்தான். அண்ணன் கல்டிவேட்டரை முதலில் லோ மூன்றில் ஓட்டிவிட்டு, ரோட்டவேட்டரை ஒருமுறை மட்டும், சரிவுக்குக் குறுக்காக ஓட்டுகிறார். நாம் இப்போது காணிக்கணக்கில் பேசி, ரோட்டவேட்டருக்கு மட்டும் மணிக்கணக்கில் தருகிறோம். ஊரில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு.

ஆனால் ஹை, லோ என்பது மண்ணோடு முடிகின்ற செய்தியன்று. அந்த மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இறங்கும் வழிகளில் சில செங்குத்தானவை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பு மாணவர் ஒருவர் பதினாறு நாள்கள் வரவில்லை. அவருடைய தமையன் செங்கல் ஏற்றிய டிரெய்லருடன் அப்படியொரு சரிவில் இறங்கும்போது டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனார். ஹையிலேயே இறங்கத் தொடங்கி, பாரம் பின்னின்று தள்ளியதும் நடுவழியில் லோவுக்கு மாற்ற முயன்றார் என்று உடன் சென்றவர் கூறினார்.

இது திறமைக் குறைவன்று, பொறியின் இயல்பு. ஹை–லோ கம்பி பல டிராக்டர்களில் வண்டி நின்றால்தான் மாறும். ஓடும்போது இழுத்தால் ஹையிலிருந்து கழன்று லோவில் விழாமல் இரண்டிற்கும் நடுவே நின்றுவிடும். அந்த நொடியில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. லோவில் இறங்கும் வண்டியை எஞ்சினே பிடித்து நிறுத்துகிறது. நடுவே நிற்கும் வண்டிக்கோ பிரேக் ஒன்றே துணை. டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் இருப்பதே இல்லை. டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கமும் இதே கதைதான். மிச்சமாகும் டீசல் ஒரு தேநீர்க் காசு பெறுமா என்பது ஐயம்.

சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு விடப்படும் ஏ.டி.வி. வண்டிகளிலும் இதே ஹை–லோ உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ரப்பர் பெல்ட்டால் இயங்குபவை. பாரத்தோடு மெல்ல ஏறும்போது ஹையில் வைத்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறிக் கருகும். அங்கும் நிறுத்திய பிறகே மாற்றவேண்டும். இறக்கத்தின் தலைப்பிலேயே மாற்றவேண்டும்.

அம்மாணவர் படிப்பை முடித்துவிட்டார். வீட்டார் டிராக்டரை விற்கவில்லை. கடன் தவணை எஞ்சியிருந்தது. மாலைகளில் அவரே ஓட்டுகிறார். சரிவின் தலைப்பில் வண்டியை முழுதாக நிறுத்தி, கம்பியை லோவில் தள்ளி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளட்ச்சை விடுகிறார். பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கின்றன.