அரை அங்குலம்

2009இல் ஷெல் விழுந்து என் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். பிறகு கிடைத்த பொய்க்கால் சற்று நீளமாக இருந்தது. நடந்தால் இடுப்பு வலிக்கும். "போகப் போகப் பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. என்னில்தான் பிழை என்று எண்ணி, அதை மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுடனேயே வருடக்கணக்கில் திரிந்தேன்.

2024இல் பரிஸில் நடந்த பராலிம்பிக் வில்வித்தைப் போட்டியை மகளின் கைத்தொலைபேசியில் பார்த்தேன். ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்கு அப்போது வயது 17. பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. கதிரையில் இருந்தபடி வலது காலால் வில்லைப் பிடித்து, தோளில் பூட்டிய கருவியால் நாணை இழுத்து, தாடையை அசைத்து அம்பை விட்டாள். குறிப்பலகை 50 மீற்றர் தூரத்தில் இருந்தது. கலப்பு அணிப் போட்டியில் அவளுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

எனக்கு வியப்புத் தாங்கவில்லை. கனடாவில் வில்வித்தை பழகும் என் பெறாமகனிடம் கேட்டேன்.

"அது கொம்பவுண்ட் வில், சித்தி. இரண்டு முனையிலும் சில்லு இருக்கும். முழுதாக இழுத்தவுடன் கைக்கு வரும் பாரம் வெகுவாகக் குறைஞ்சிடும். ஆறுதலாகக் குறி பார்க்கலாம்" என்றான்.

வில்லின் நீளத்தைப் பற்றியும் சொன்னான். வேட்டைக்காரர் 30 அங்குலமளவான குட்டை வில்லை வைத்திருப்பார்களாம். காட்டுக்குள் கொண்டு திரிய அது வசதி. ஆனால் கை சிறிது நடுங்கினாலும் வில் திரும்பிவிடும். போட்டிக்காரரின் வில் பெரும்பாலும் 36 முதல் 40 அங்குலம். அது சிறு நடுக்கத்துக்கு இலகுவில் அசையாது.

"அப்ப நீளமான வில் வாங்கினால் சரிதானே, தம்பி?"

"இல்லை சித்தி. நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறது எண்டது ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த அளவு அரை அங்குலம் கூடினாலும் தோள் இழுபட்டு அம்பு விலகும். அதுக்காக ஆளைப் பேசுறதில்லை. வில்லைத்தான் திருத்துவம்."

என் பொய்க்காலும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடியிருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த கிழமையே போய்ப் புதிதாக அளவெடுக்கச் சொன்னேன். வலித்த ஒவ்வொரு முறையும் திரும்பப் போனேன். மூன்று தடவை திருத்தினார்கள். இப்போது சந்தைக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடந்து போய் வருகிறேன்.

1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில், போரில் காயமடைந்த 16 பேர் வில்லெய்து போட்டியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததே பராலிம்பிக். அந்தப் பதினாறு பேரில் இருவர் பெண்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு பொய்க்கால் கிடக்கிறதா? எடுத்துக்கொண்டு போங்கள். வலிக்கிற இடத்தைக் கூச்சப்படாமல் காட்டுங்கள்.