பாட்டு எப்படி இருக்குன்னு சொல்லவே இல்லியேண்ணே

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளைக் காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்க. இருந்தாலும் காரணத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை. பகல்ல பொட்டி தட்டுறேன், ராத்திரி பாட்டு தட்டுறேன். ரெண்டுலயும் பக் ஜாஸ்தி. அந்த ராத்திரி பக்கைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல நம்ம 'ஸ்டுடியோ'வைச் சுத்திக் காட்டிடறேன். மாடி போர்ஷன்ல 10க்கு 10 அறை. ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், 49 கட்டை கீபோர்டு, ரெண்டு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர். எதிரொலி வராம இருக்க பீரோ கதவைத் திறந்து வெச்சு, தொங்குற சட்டைகளைப் பார்த்துப் பாடணும். பாடும்போது ஃபேனை நிறுத்தணும். சென்னை மே மாசத்துல ஃபேன் இல்லாம காதல் பாட்டு பாடிப் பாருங்க, உருக்கம் தானா வரும். வேர்வையில.

இப்படி உருகி உருகி மூணு மாசத்துல ஒரு பாட்டு முடிச்சேன். ஃபைலுக்குப் பேரு 'ஃபைனல்_ஃபைனல்_7'. சாஃப்ட்வேர் மக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

பாட்டு முடிஞ்சதும் வர்ற வியாதி ஒண்ணு இருக்கு. யாரைப் பார்த்தாலும் காதுல ஹெட்போனை மாட்டி விடுறது. ஆபீஸ் நண்பன் பத்து செகண்ட் கேட்டுட்டு "சூப்பர் மச்சி, கலக்கிட்டே"ன்னான். பாட்டு ஆரம்பிக்கவே பன்னெண்டு செகண்ட் ஆகும்! அம்மாகிட்ட போட்டுக் காட்டினேன். கீரை ஆய்ஞ்சுகிட்டே முழுசாக் கேட்டாங்க. "நல்லாத்தாம்பா இருக்கு. ஆனா பாடுறவன் என்ன சொல்றான்னுதான் தெரியல"ன்னாங்க.

பாடுறவன் நான்தான்மா.

அப்போ கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா, மூணு மாசத்துல எனக்குக் கிடைச்ச முதல் உருப்படியான விமர்சனமே அதுதான். வரிகளை எழுதினது நான். ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம். அதனால குரல் எவ்வளவு அமுங்கிக் கிடந்தாலும் என் காதுக்குத் தெளிவாக் கேட்கும். காது கேட்காத மிச்சத்தை மனசு நிரப்பிக்குது. முதல் தடவை கேட்கிறவங்களுக்கு அந்த வசதி கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே தன் பாட்டைத் தானே மிக்ஸ் பண்றவனுக்கு இன்னொரு ஜோடி காது அவசியம். பில்லி ஐலிஷோட முதல் ஆல்பம் 2019ல வந்தது, அண்ணன் ஃபினியஸோட படுக்கையறையில உருவானதுன்னு எல்லாரும் சொல்லுவோம். ஆமா, உருவானது அங்கதான். ஆனா மிக்ஸ் பண்ணினது ராப் கினெல்ஸ்கிங்கிற இன்னொருத்தர். படுக்கையறையில இருந்து கிராமி வாங்கினவங்களே கடைசியில வேற காதுகிட்ட குடுத்திருக்காங்க. நான் எம்மாத்திரம்?

அந்த இன்னொரு காது எனக்குக் கீழ் வீட்டுலயே இருந்துச்சு. எங்க ஹவுஸ் ஓனர். அந்தக் காலத்துல மெல்லிசைக் குழுவுல மிக்ஸர் போர்டு முன்னாடி உட்கார்ந்தவர். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, மாநாட்டுப் பந்தல்னு எல்லா இடத்துலயும் சத்தத்தோட மல்லுக்கட்டினவர். வாடகை குடுக்கப் போனப்ப மெதுவா விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, ஹெட்போன் வேணாம். முதல்ல போன்ல போடுங்க"ன்னார்.

போட்டேன். முழுசாக் கேட்டுட்டு, "இந்தப் பாட்டுல உங்களுக்கே ரொம்பப் பிடிச்ச இடம் எது?"ன்னு கேட்டார். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற புல்லாங்குழல் பிட்டைச் சொன்னேன். தலையாட்டிக்கிட்டார். (இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்குங்க மக்களே, பின்னாடி வருது.)

அப்புறம், "பேஸ் எங்க தம்பி?"ன்னார்.

எனக்குப் பகீர்னுச்சு. பேஸ்தான் நான் அதிகமா ஏத்தினதே! "சரி, வாங்க"ன்னு அவர் பழைய காருக்குக் கூட்டிட்டுப் போய்ப் போட்டார். காருல கதவே அதிருது. ஒரே பாட்டு, போன்ல பேஸே இல்லை, காருல பேஸைத் தவிர ஒண்ணும் இல்லை.

மாடிக்கு வந்தார். அறையைச் சுத்திப் பார்த்தார். ஒரு தடவை கை தட்டினார். "நீங்க எங்க உட்கார்ந்து கேட்பீங்க?" அறைக்கு நட்ட நடுவுல இருந்த நாற்காலியைக் காட்டினேன். சிரிச்சுட்டார். "சுவரு ஓரமா வந்து நின்னு கேளுங்க"ன்னார். நின்னேன். இடி மாதிரி பேஸ்!

எஞ்சினியரிங்ல படிச்ச நிலை அலைகள் எல்லாம் பரீட்சையோட முடிஞ்சு போச்சுன்னு நெனைச்சிருந்தேன். என் அறை 10 அடி, அதாவது ஏறக்குறைய 3.05 மீட்டர். ஒலியோட வேகம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர். 343ஐ 3.05இன் ரெண்டு மடங்கால வகுத்தா 56 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ல சுவர் ஓரம் சத்தம் வீங்கும், அறையோட நடுவுல ஏறக்குறைய செத்துப்போகும். நீளம் அகலம் ரெண்டும் ஒரே அளவுங்கிறதால ரெண்டு பக்கமும் அதே கதை. என் பாட்டு ஏ மைனர். பேஸ்ல அடிக்கடி வர்ற ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ். ஆக, பேஸ் கேட்கவே கேட்காத ஒரே இடத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகிட்டு, "பேஸ் பத்தலையே, பத்தலையே"ன்னு ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன். அது காருல கதவை உடைக்குது. போனோட குட்டி ஸ்பீக்கருக்கு 55 ஹெர்ட்ஸை வாசிக்கவே தெம்பு கிடையாது, அதனால அங்க காணாமப் போகுது. ரெண்டு வியாதிக்கும் மூலம் ஒண்ணுதான்.

போதாததுக்கு நான் வேலை பார்த்தது ராத்திரி, சத்தம் கம்மியா வெச்சு. சத்தம் குறையக் குறைய நம்ம காதுக்கு அடி சுரங்கள் இன்னும் கம்மியாக் கேட்கும். ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933லயே வரைபடம் போட்டுக் காட்டிட்டாங்க. நமக்கு லேட்டா வந்து சேருது, அவ்வளவுதான்.

சார் இன்னொரு வித்தையும் காட்டினார். ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டு "எது நல்லா இருக்கு?"ன்னார். "ரெண்டாவதுதான் சார், தெளிவா இருக்கு"ன்னேன். ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டாவதைக் கொஞ்சூண்டு சத்தமா வெச்சிருக்கார். பல்பு வாங்கினேன். பழைய மிக்ஸையும் புது மிக்ஸையும் ஒப்பிடறதா இருந்தா, ரெண்டோட சத்தத்தையும் சமமாக்கிட்டு அப்புறம் கேட்கணும். இல்லைன்னா எதை ஏத்தினாலும் முன்னேற்றம் மாதிரியே தெரியும். (அப்ரைசலுக்கும் இது பொருந்தும்னு ஒரு சந்தேகம்.)

நாற்காலியை நகர்த்தினேன். குரலை ஏத்தி, பேஸை இறக்கி, போன்லயும் கேட்கிற மாதிரி பேஸ்ல லேசா ஒரு கரகரப்பு சேர்த்தேன். மேல் சுரங்கள் கொஞ்சம் கிளம்பி வந்தா, அடி சுரம் இல்லாத இடத்துலயும் காது அதை ஊகிச்சுக்கும். அம்மாவுக்கு வார்த்தை புரிஞ்சது. எல்லாம் சுபம்.

இத்தோட பதிவை முடிச்சிருந்தா நான் நல்லவன்.

புதுசா கத்தி வாங்கினவனுக்குக் கண்ணுல படறதெல்லாம் காய்கறிதானே? அந்த நேரம் பார்த்து கோவில்பட்டியில இருந்து சித்தி பையன் ஒரு பாட்டு அனுப்பினான். டிப்ளமோ ரெண்டாவது வருஷம் படிக்கிறான். போன்லயே ஒரு ஆப்ல பண்ணி, இயர்போன் மைக்ல பாடியிருந்தான். "அண்ணே, கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. யார்ட்டயும் காட்டல"ன்னு ஒரு வரி.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து 14 பாயிண்ட் எழுதினேன். குரல்ல 300 ஹெர்ட்ஸ் பக்கம் மண்ணா இருக்கு, 3 டெசிபல் குறை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டு. கிக்கும் பேஸும் அடிச்சுக்குது. ரிவர்ப் ஜாஸ்தி. ரெண்டாவது நிமிஷத்துல பின்னாடி ஃபேன் சத்தம். இப்படியே பதிமூணு. பதினாலாவது, "நல்ல முயற்சி, தொடர்ந்து பண்ணு." ஆபீஸ்ல கோட் ரிவ்யூ பண்ற அதே கை, அதே தோரணை. அனுப்பிட்டுத் திருப்தியாத் தூங்கினேன். தம்பிக்கு எவ்வளவு நேரம் செலவழிச்சிருக்கோம்னு பெருமை வேற.

"சரிண்ணே, தேங்க்ஸ்ணே"ன்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. நானும் மறந்துட்டேன்.

ஆறு மாசம் கழிச்சு சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உட்கார்ந்திருந்தான். "என்னடா, அடுத்த பாட்டு எப்போ?"ன்னேன்.

"இல்லண்ணே, விட்டுட்டேன். ஆப்பையும் எடுத்துட்டேன்."

"ஏண்டா?"

இலையைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "நீங்க எழுதினதுல பாதிக்கு மேல எனக்குப் புரியலண்ணே. நெட்ல தேடித் தேடிப் பார்த்தேன். அப்புறம்... பாட்டு எப்படி இருக்குன்னு மட்டும் நீங்க சொல்லவே இல்லியேண்ணே."

ரசம் ஊத்த வந்தவர் ரெண்டு தடவை கேட்டார், எனக்குக் காதுல விழல.

ஊருக்குத் திரும்பி வந்ததும் லேப்டாப்புல தேடி எடுத்து அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை பேனா இல்லாம. ரெண்டாவது வரியில ஒரு இடத்துல மெட்டு மேல போகும்னு எதிர்பார்ப்போம், அது போகாம சட்டுனு கீழ இறங்கி நிக்குது. இருபத்தெட்டு வயசுல எனக்குத் தோணாத ஒரு திருப்பம். போன தடவையும் இது அங்கதான் இருந்திருக்கு. நான் அந்த நேரத்துல ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

சார் என்கிட்ட முதல்ல கேட்ட கேள்வி அப்பதான் உறைச்சது. உங்களுக்குப் பிடிச்ச இடம் எது? அதைத் தெரிஞ்சுகிட்டுத்தான் அவர் பேஸுக்கே வந்தார். கோட் ரிவ்யூவுல கூட இந்த நிரல் என்ன பண்ணணும்னு தெரிஞ்சுகிட்டுத்தானே தப்பு சொல்லுவோம்? பாட்டுக்கு யாரும் ரிக்வயர்மெண்ட் எழுதிக் குடுக்கிறதில்லை. கேட்டாத்தான் தெரியும். நான் கேட்கல. நான் சொன்ன பதிமூணும் தப்பில்லை. இன்னிக்கும் அந்த 300 ஹெர்ட்ஸ் மண்ணுதான். ஆனா அவன் கேட்டது அது இல்லையே.

அவனுக்கு போன் பண்ணி அந்த ரெண்டாவது வரியைப் பாடிக் காட்டினேன், என் குரல்லயே, பாவம். "இந்த இடத்துல ஏண்டா கீழ இறக்கினே?"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியலண்ணே, அப்படித்தான் வந்துச்சு"ன்னான். "அதுதாண்டா பாட்டு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்"னேன். "பார்க்கலாம்ணே"ன்னு வெச்சுட்டான்.

அந்த 'பார்க்கலாம்'ல ரெண்டு மாசம் போச்சு.

போன வாரம் ராத்திரி ஒரு ஆடியோ வந்துச்சு. இருபது செகண்ட். வெறும் ஹம்மிங், பின்னாடி அதே ஃபேன் சத்தம். கேட்டுட்டு ஒரே வரி அனுப்பினேன்: "இதுக்கு அடுத்த வரி எப்படிப் போகும்?"

இன்னும் பதில் வரல. காத்துக்கிட்டு இருக்கேன்.

டிஸ்கி: 'ஃபைனல்_ஃபைனல்_7' இப்போ 11ல நிக்குது. கேட்க ஆசைப்படறவங்க தாராளமாச் சொல்லுங்க. கேட்டுட்டு முதல்ல பாட்டு எப்படி இருக்குன்னு சொல்லிடுங்க சாமி, பேஸைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.