கணவாய் சொன்ன சாட்சி

மதுரையில் மோட்டார் யந்திரங்களைப் பிரித்துச் சேர்க்கும் தொழில் நேற்றுத் தோன்றியதன்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் இந்நகரில் வேரூன்றிய காலத்திலிருந்தே அதற்கு ஒரு குரு பரம்பரை உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் பஞ்சத்தைச் சமாளிக்க அந்த நிறுவனமே வாகனங்களுக்குக் கரிவாயுக் கருவிகளைச் செய்தளித்தது. சரியாக வடிகட்டாத கரிவாயு சாம்பலையும் தூசியையும் சிலிண்டருக்குள் கொண்டு சேர்க்குமாதலால், ரிங் தேய்வதும் எஞ்சின் ஆயில் குடிப்பதும் அக்காலத்து மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய வியாதிகளாகவே இருந்திருக்க வேண்டும்.

பழங்காநத்தத்துக்கு அப்பால், வேப்ப மரத்தடியில் தகரக் கூரை வேய்ந்த ஒரு பட்டறையில் அந்தப் பரம்பரையைச் சேர்ந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். பஸ் டெப்போவில் வேலை பார்த்த ஒருவரிடம் சிறு வயதில் தொழில் பயின்றவர். தேனியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக அடிக்கடி மதுரைக்குப் பிரயாணம் செய்யும் ஒரு வியாபாரி, தம் பழைய அம்பாஸடரை அவரிடம் கொண்டுவந்திருந்தார். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வண்டி அது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் போகிறதென்றும், வேறோர் இடத்தில், சிலிண்டருக்குப் போர் போட்டுப் பிஸ்டன் மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் அவர் முறையிட்டார்.

முதியவர் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் கேஜின் மேல்கோடு வரை நிரப்பி, மீட்டர் காட்டிய எண்ணைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்து, "ஐந்நூறு ஓட்டிட்டு வாங்கய்யா, நடுவுல ஒரு சொட்டு ஊத்தக் கூடாது" என்று அனுப்பிவிட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை செலவாகலாம் என்று இக்காலத்துக் கம்பெனிகள் பலவும் சொல்வதுண்டு. ஆகையால் எவ்வளவு போகிறது என்று அளந்து பாராமல் வியாதி என்று தீர்மானிப்பதற்கில்லை என்பது அவர் கட்சி.

வண்டி திரும்பியபோது கணக்கு மெய்யாகவே இருந்தது. அடிப்பாகத்தை டீசலால் கழுவி, கீழே அட்டையை விரித்து, இரவு முழுதும் வைத்துப் பார்த்தார். இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் கசிவு சகஜந்தான்; ஆனால் அட்டையில் விழுந்தவை சில துளிகளே. எனவே எண்ணெய் உள்ளேதான் எரிகிறது. எரிவதற்கு வழி இரண்டு: கீழிருந்து ரிங்குகளைத் தாண்டி ஏறலாம், மேலிருந்து வால்வு கைடு வழியே இறங்கலாம். முதலாவதென்றால் பழுதுபார்க்கும் செலவு பெரிது, இரண்டாவதென்றால் சிறிது.

"ஆண்டிபட்டிக் கணவாயில இறங்கையில ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்துட்டுத்தானே வருவீக?"

"ஆமா."

"கீழ வந்து மிதிக்கையில பின்னால என்ன தெரியுது?"

"நீலமாப் பொகை. பின்னால வர்றவன் ஆரன் அடிக்கிறான்."

கிழவர் முகத்தில் தெளிவு பிறந்தது. காலை எடுத்த நிலையில் கார்புரேட்டர் வாய் மூடிக்கொள்ள, உறிஞ்சும் வேகம் மிகுந்து, தேய்ந்த கைடுகளின் இடைவெளியால் ஆயில் உள்ளே இழுபடும். மறுபடி மிதித்ததும் அவ்வளவும் சேர்ந்து எரியும். சமவெளியாகிய மதுரையிலேயே ஓடும் வண்டியாக இருந்தால் இந்தச் சாட்சி எளிதில் கிட்டியிராது.

ஆயினும் கணவாயை மட்டும் நம்பி அவர் எஞ்சினைத் திறந்துவிடவில்லை. ஓடும் எஞ்சினின் ஆயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, அதாவது 'பேக் கம்ப்ரஷன்', அடிக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜை வைத்தார். நான்கு சிலிண்டரும் 120 பவுண்டை ஒட்டி நின்றன. பிளக் துவாரத்தில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பரீட்சித்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் இடைவெளியை அடைத்து முள்ளை ஏற்றியிருக்கும், முள் அசையவில்லை.

ஹெட் மட்டும் இறங்கியது. பழைய கைடுகளைத் தட்டி எடுத்துப் புதியவற்றை இறக்கி ரீமர் விட்டார்கள். கைடு மாறினால் அச்சும் சற்று மாறுமாதலால் வால்வு உட்காரும் சீட்டையும் வெட்டியாக வேண்டும். பிறகு பையன் ஒருவன் வால்வின் முகத்தில் பேஸ்ட் தடவி, ரப்பர் குமிழ் வைத்த கோலை இரு கைகளுக்கிடையே மத்துக் கடைவது போல உருட்டிக்கொண்டிருந்தான். சாம்பல் நிறத்தில் முறிவில்லாத ஒரு வளையம் தெரியும் வரை அவனுக்கு விடுதலை இல்லை.

பக்கத்துப் பெஞ்சியில் மேலூர்ப் பக்கத்துக் கல்தூசியில் ஓடிய ஜீப்பின் எஞ்சின் பிளாக் கிடந்தது. ஏர் ஃபில்டர் ரப்பர் குழாயில் விழுந்த வெடிப்பொன்று அதைப் பாழாக்கியிருந்தது. சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை ஓட்டினால் படி தட்டியது. லேத்துப் பட்டறைக்குப் போகவேண்டியதுதான். அங்கே போர் போட்ட பின்பு குறுக்கு நெடுக்காக மெல்லிய கீறல்கள் விழும்படி ஹோன் செய்யாவிட்டால், புது ரிங்கும் உட்காராது, ஆயிலும் நிற்காது என்றார் அவர்.

அம்பாஸடரின் பில்லை வாங்கிப் பார்த்தேன். கைடு, கேஸ்கெட், ரீமர் கூலி, ஹெட் ஏற்றி இறக்கிய கூலி எல்லாம் இருந்தன. வியாதி இன்னதென்று கண்டுபிடித்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. போர் போட்டிருந்தால் இதைப்போலப் பன்மடங்கு கிடைத்திருக்குமே என்றேன். "பாத்ததுக்கெல்லாம் காசு கேட்டா யாருய்யா தருவாக?" என்றார். இது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வியாபாரி மகிழ்ச்சியோடு வந்தார். கணவாயில் புகை இல்லை. கேஜில் கால்வாசி கூட இறங்கவில்லை. கிழவர் கேஜைத் துடைத்து இரண்டு முறை விட்டுப் பார்த்தார். சுவரில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதி, இன்னும் ஓர் ஆயிரம் ஓட்டிவிட்டு வரும்படி சொன்னார்.