பின் இருக்கை

அப்பாவின் 1974 புல்லட்டை வீட்டுக் கொட்டகையில் வைத்து பாப்பராக்கினேன். 1945இல் யுத்தம் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பரப்பிய வழக்கம்: முன் மட்கார்டைக் கழற்றுவது, பின்னதைப் பாதியில் அறுப்பது, ஒற்றை ஸீட். எதையும் சேர்ப்பதில்லை, கழிப்பதுதான். கவிதையும் அப்படித்தான் என்று நம்பி எழுதியவன் நான்.

கேரியர், ஸாரி கார்டு எல்லாம் சுலபமாகப் போயின. ஹாக்ஸா பிளேடு மூன்று உடைந்தது, அவ்வளவுதான். நீள ஸீட்டை எடுத்தபோது கை நின்றுவிட்டது. அதன் பின்பாதியில் அம்மா பதினைந்து வருஷம் ஒருக்களித்து உட்கார்ந்து போயிருக்கிறாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான்.

346 ஸிஸி எஞ்சினைத் தொடவில்லை. சத்தம் அதேதான். வண்டி இலேசாகிவிட்டது, அழகாகவும் இருக்கிறது. இனி ஒருவர்தான் போகலாம்.

ஸீட் பரண்மேல் இருக்கிறது. கவிதைகளில் வெட்டிய வரிகளை நான் எங்கும் எடுத்துவைக்கவில்லை.